காற்றாலைக்கு நிலம் தரும் முன்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில் ஆரல்வாய்மொழியைக் கடந்து முப்பந்தலை நெருங்கும்போது, சாலையின் இருபுறமும் வாழைத் தோட்டங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் தரிசு நிலங்களுக்கும் இடையே காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதைக் காணலாம். ஏறத்தாழ 1,500 மெகாவாட் திறன் கொண்ட முப்பந்தல் தொகுப்பு, இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகளுள் ஒன்றாகும். அது தோவாளை வட்டத்தோடு நின்றுவிடவில்லை. காவல்கிணறு, பழவூர், பணகுடி என இராதாபுரம் வட்டத்து ஊர்களிலும் விளைநிலங்களுக்கு நடுவே காற்றாலைகள் எழுந்துள்ளன.

வெள்ளறடை, பனச்சமூடு, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் வாழும் நம் வாடிக்கையாளர்கள் பலருக்கு இது வெறும் அயலூர்க் காட்சியன்று. 1956 நவம்பர் 1 வரை தோவாளையும் நெய்யாற்றின்கரையும் ஒரே மாநிலத்தில் இருந்தவை. எல்லைக்கோடு வந்த பின்னரும் பெண் கொடுத்தும் எடுத்தும் வளர்ந்த உறவுகள் தொடர்கின்றன. அதனால் இங்கு ரப்பரும் மரச்சீனியும் பயிரிடும் குடும்பங்கள் சிலவற்றுக்குக் கணவாய்க்கு அப்பால் பங்கு நிலம் உண்டு. "காற்றாலைக்கு நிலம் கேட்கிறார்கள். விற்கலாமா, பாட்டத்துக்கு விடலாமா?" என்னும் கேள்வியோடு வாடிக்கையாளர்கள் நம் கிளைகளுக்கு வருவதுண்டு. அக்கேள்விக்கு விடை காண உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம். காற்றாலை உங்கள் நிலத்தில் சிறு பகுதியையே எடுத்துக்கொள்ளும். ஆயினும் அடுத்த 25 ஆண்டுகளுக்கு அந்த நிலத்திலிருந்து உங்களுக்குக் கிடைப்பது எது என்பதை ஒரே நாளில் இடும் கையெழுத்து முடிவு செய்துவிடும். இதை முதலிலேயே மனத்தில் கொள்வது நல்லது.

கணவாயில் மட்டும் ஏன்?

இடவப்பாதி தொடங்கியதும் அரபிக்கடலிலிருந்து புறப்படும் தென்மேற்குப் பருவக்காற்று முதலில் நம் ஊர்களின் மேல்தான் வீசுகிறது. குலை தள்ளிய வாழைகளைச் சாய்ப்பதும் அதுவே. கிழக்கே செல்லும் அக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுக்கிறது. மலைச்சுவரில் இடைவெளி கிடைக்கும் இடங்களில் காற்று நெருக்குண்டு, வேகம் கூடி வெளியேறுகிறது. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்கள் அத்தகைய வாயில்களாகும். தமிழ்நாட்டின் காற்றாலைகளில் பெரும்பாலானவை இக்கணவாய்களின் கிழக்குப் புறத்திலேயே அமைந்துள்ளன. கேரளத்திலும் பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய கஞ்சிக்கோட்டிலும், மலை முகடான இராமக்கல்மேட்டிலும், அட்டப்பாடியின் அகளியிலும் காற்றாலைகள் உள்ளன.

வெள்ளறடையில் அதே காற்று வீசினாலும் காற்றாலை வைக்க இயலாததற்குக் காரணம் உண்டு. நெருக்கமான ரப்பர் மரங்களும் வீடுகளும் குன்றுகளும் காற்றின் வேகத்தை உடைத்துக் குழப்புகின்றன. சீராக வீசும் காற்றே இயந்திரத்திற்கு ஏற்றது.

வேகத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் விளைவு பெரிதாகும். காற்றில் அடங்கியுள்ள ஆற்றல், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுகிறது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். விநாடிக்கு 6 மீட்டர் வேகமுள்ள இடத்தைவிட 7 மீட்டர் வேகமுள்ள இடத்தில் ஏறத்தாழ 59 விழுக்காடு கூடுதல் ஆற்றல் இருக்கும். ஒரே கிராமத்தில் ஒரு சர்வே எண்ணுக்கு நல்ல விலை கிடைப்பதும், அடுத்த சர்வே எண்ணை எவரும் கேட்காமல் இருப்பதும் இதனால்தான். சென்னையில் 1998-இல் தொடங்கப்பட்ட, இன்று தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் எனப்படும் மத்திய அரசு அமைப்பு, நாடெங்கும் கோபுரங்கள் அமைத்துக் காற்றின் வேகத்தை அளந்து வருகிறது. நிலம் கேட்டு வருபவர் கையில் இத்தகைய அளவீடு இருக்கும். உங்கள் நிலத்தின் மதிப்பு அந்த அளவீட்டைப் பொறுத்தது என்பதை நீங்களும் அறிந்திருக்க வேண்டும்.

நாற்பது ஆண்டுப் பாடம்

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் செயல்விளக்கமாக அமைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து 1993 வரை மாநில மின்வாரியம் பல இடங்களில் 120 இயந்திரங்களை நிறுவியது. அவற்றின் மொத்தத் திறன் 19.355 மெகாவாட் மட்டுமே. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது.

இடைப்பட்ட காலத்தில் தனியார் முதலீட்டை ஈர்த்தது வருமான வரிச் சலுகையாகும். 1990-களில் காற்றாலையின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள முதலீட்டாளர்களுக்கு வழி இருந்தது. மின்னுற்பத்தி குறைந்தாலும் வரி மிச்சமாகும் என்ற நிலையில், காற்றைவிடக் கணக்கைப் பார்த்து இயந்திரம் நிறுவியவர்களும் இருந்தனர். 2009 டிசம்பரில் மத்திய அரசு, உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை வழங்கும் திட்டத்தை அறிவித்தது. நிறுவியதற்காக அன்றி, உற்பத்தி செய்ததற்காகப் பலன் தருவது அதன் நோக்கம். 2017-இல் அத்திட்டம் முடிவுற்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் நடந்த நாட்டின் முதல் காற்று மின்சார ஏலத்தில் யூனிட் விலை ரூ.3.46 ஆகவும், அக்டோபரில் ரூ.2.64 ஆகவும் இறங்கியது.

நில உரிமையாளர் இதிலிருந்து அறிய வேண்டியது ஒன்று உண்டு. உங்களுக்கு வாடகை தர வேண்டியவரின் வருமானம் கொள்கை மாற்றங்களாலும் ஏல விலையாலும் ஏறி இறங்கக்கூடியது. ஆகவே வாடகையை அவருடைய இலாபத்தோடு பிணைக்கும் ஒப்பந்தத்தை எச்சரிக்கையோடு அணுக வேண்டும்.

எவ்வளவு நிலம் தேவை?

தொடக்கக் காலத்தில் 30 மீட்டர் உயரக் கோபுரத்தில் 55 முதல் 250 கிலோவாட் வரையிலான சிறு இயந்திரங்களே இருந்தன. இன்றைய இயந்திரங்கள் 2,000 முதல் 3,000 கிலோவாட் வரையிலும் அதற்கு மேலும் திறன் கொண்டவை. கோபுரம் 120 மீட்டரைத் தாண்டுகிறது. இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டமும் ஏறத்தாழ அதே அளவு இருக்கும்.

ஓர் இயந்திரம் காற்றின் வேகத்தைக் குறைத்து, பின்னால் நிற்கும் இயந்திரத்துக்குக் குழப்பமான காற்றை அனுப்புகிறது. ஆகவே காற்று வீசும் திசையில் விட்டத்தைப்போல் 7 மடங்கும், குறுக்குத் திசையில் 5 மடங்கும் இடைவெளி விடுவது பொதுவான அளவுகோலாகும். விட்டம் 120 மீட்டர் என்றால் 840 மீட்டரும் 600 மீட்டரும் ஆகும். அதாவது, ஓர் இயந்திரத்துக்கு ஏறத்தாழ 124 ஏக்கர் பரப்பு. இதில் அடித்தளம், மின்மாற்றி, பாரந்தூக்கி நிற்கும் மேடை, பாதை ஆகியவற்றுக்குச் செல்வது மிகச் சிறு பகுதியே. எஞ்சிய இடத்தில் உழவு தொடரலாம். முப்பந்தல் வட்டாரத்தில் காற்றாலையின் அடியில் வாழையும் தென்னையும் விளைவதற்கு இதுவே காரணம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கோபுரம் நிற்கும் நிலத்தின் உரிமையாளருக்குப் பணம் கிடைக்கிறது. அதைச் சுற்றியுள்ள நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலங்களின் உரிமையாளர்கள் பிறகு தம் நிலத்தில் வேறொரு காற்றாலை வைக்க விரும்பினாலும் இடைவெளி விதி தடையாகலாம். ஆகவே அண்டை நிலத்தார் தனித்தனியே பேரம் பேசுவதைவிடச் சேர்ந்து பேசுவது எல்லோருக்கும் நன்மை தரும்.

முதலீட்டாளரின் கணக்கு

வங்கி காற்றாலைக்குக் கடன் தரும்போது பார்க்கும் கணக்கை நில உரிமையாளரும் அறிந்திருப்பது பயனுடையது. 2 மெகாவாட் இயந்திரம் ஆண்டு முழுவதும் முழுத் திறனில் ஓடினால் 1,75,20,000 யூனிட் மின்சாரம் கிடைக்கும். ஆனால் காற்று அவ்வாறு வீசுவதில்லை. ஆண்டுச் சராசரியாகத் திறனில் 25 விழுக்காடு கிடைப்பதாக எடுத்துக்கொண்டால் 43,80,000 யூனிட். யூனிட் ரூ.3 என வைத்துக்கொண்டால் ஆண்டு வருவாய் ரூ.1,31,40,000. காற்று 10 விழுக்காடு குறைந்த ஆண்டில் ரூ.13 இலட்சத்துக்கு மேல் குறையும். கடன் தவணையோ குறையாது.

ஆகவே கடன் மதிப்பீட்டில் சராசரி உற்பத்தியை மட்டும் வங்கி ஏற்பதில்லை. பத்தில் ஒன்பது வாய்ப்புகளில் குறைந்தது இவ்வளவு கிடைக்கும் என நம்பத்தக்க, சராசரியைவிடக் குறைந்த ஓர் அளவையும் கணக்கிட்டு, அதிலும் தவணை கட்ட முடியுமா எனப் பார்க்கிறது. உற்பத்தியின் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் வந்துவிடுவதால், மற்ற மாதங்களின் தவணைக்குரிய தொகையை ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. காற்றுக் காலத்தில் உற்பத்தியான மின்சாரத்தை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருந்து வந்துள்ளது. அதன் விதிகள் காலந்தோறும் திருத்தப்பட்டுள்ளன.

பாரத ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, 2025 ஏப்ரல் 1 முதல் காற்றாலை உள்ளிட்ட புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திட்டங்களுக்கு ரூ.35 கோடி வரை வழங்கப்படும் கடன், முன்னுரிமைத் துறைக் கடனாகக் கருதப்படுகிறது. ஆயினும் அது முதலீட்டாளருக்குரியது. நிலம் தரும் உழவர் தம் பெயரில் கடன் எடுத்தோ, தம் நிலத்தைப் பிணையாக வைத்தோ இத்தகைய திட்டத்தில் பங்கு சேர அழைக்கப்பட்டால், மேற்சொன்ன கணக்கின் இடர் முழுவதும் அவர் தலையில் விழும் என்பதை உணர வேண்டும்.

விற்பனையா, பாட்டமா?

முப்பந்தல் வட்டாரத்தில் தொடக்க ஆண்டுகளில் நிலங்கள் பெரும்பாலும் விலைக்கே வாங்கப்பட்டன. விற்பனையில் பணம் உடனே கைக்கு வரும். பிற்காலத் தொல்லை இல்லை. ஆனால் பின்னர் நிலத்தின் மதிப்பு உயர்ந்தால் அதில் பங்கு இல்லை. பாட்டத்தில் நிலம் குடும்பத்தின் பெயரிலேயே இருக்கும். ஆண்டுதோறும் வருவாய் உண்டு. ஆனால் ஒப்பந்தம் சரியாக எழுதப்படாவிட்டால் உரிமை பெயரளவிலேயே எஞ்சும்.

விளக்கத்துக்காக ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். இது சந்தை விலையன்று. ஏக்கருக்கு ஆண்டு வாடகை ரூ.60,000 என 25 ஆண்டுகளுக்கு மாற்றமின்றி எழுதினால் மொத்தம் ரூ.15 இலட்சம். அதே வாடகை ஆண்டுக்கு 5 விழுக்காடு உயரும் என ஒரே ஒரு வரி சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ ரூ.28.6 இலட்சம், 25-ஆம் ஆண்டின் வாடகை மட்டும் ஏறத்தாழ ரூ.1,93,500 ஆகும். உயர்வு இல்லாத ஒப்பந்தத்தில் விலைவாசி ஏற்றம் முழுவதையும் உழவரே சுமக்கிறார்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

வாடகைத் தொகைக்கு அடுத்தபடியாகக் கீழ்க்காணும் செய்திகள் ஆவணத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

பாதை: இறக்கைகளையும் கோபுரப் பகுதிகளையும் கொண்டுவர அகலமான பாதை வேண்டும். அது எவ்வளவு நிலத்தை எடுக்கும், ஓடை, வாய்க்கால், வரப்பு ஆகியவற்றை மறித்தால் யார் சீர்செய்வது என்பன எழுதப்பட வேண்டும்.

பயிரிழப்பு: நிறுவும்போது மட்டுமன்றி, பின்னாளில் பழுதுபார்க்கப் பாரந்தூக்கி வரும்போதும் பயிர் அழியக்கூடும். ஒவ்வொரு முறையும் இழப்பீடு உண்டா எனப் பார்க்க வேண்டும்.

கைமாற்றம்: காற்றாலையை முதலீட்டாளர் மற்றொருவருக்கு விற்றால், வாடகைப் பொறுப்பு புதியவரையும் கட்டுப்படுத்த வேண்டும். முதலீட்டாளர் கடனுக்காகத் தமது பாட்ட உரிமையை அடமானம் வைக்கலாம். உங்கள் நில உரிமையை வைக்கலாகாது.

அகற்றுதல்: காலம் முடிந்ததும் இயந்திரத்தையும் கம்பிகளையும் யார் எடுப்பது, கான்கிரீட் அடித்தளத்தை எவ்வளவு ஆழம்வரை பெயர்ப்பது, அதற்கு என்ன பிணைத்தொகை என்பன இன்றே முடிவாக வேண்டும். உழவுக்குத் திரும்ப முடியாத நிலம் திரும்பக் கிடைத்தும் பயனில்லை.

புதுப்பித்தல்: பழைய சிறு இயந்திரங்களை அகற்றிப் பெரிய இயந்திரங்களை நிறுவும் கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்டது. சிறு இயந்திரம் இருந்த இடத்தில் பெரியது வரும்போது இடைவெளியும் பாதையும் மாறும். பழைய ஒப்பந்தமே தொடருமா, புதிய வாடகை பேசப்படுமா என்ற கேள்வி அப்போது எழும். காற்று வளம் மிக்க பழைய இடங்களில் நிலம் வைத்திருப்போருக்கு இது மிக முக்கியமானது.

ஆவணமும் அடமானமும் வரியும்

நிலம் தமிழ்நாட்டில் இருந்தால் பத்திரமும் அங்குள்ள சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் பதிவாக வேண்டும். முத்திரைத்தாள் கட்டணமும் அம்மாநில விதிப்படியே செலுத்த வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட பாட்டம் எதுவாயினும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டும். இங்கு ஆதாரம், முன்னாதாரம், கரமடைத்த இரசீது எனப் பார்ப்பதுபோல, அங்கே மூலப்பத்திரம், பட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பாட்டனார் பெயரிலேயே பட்டா இருந்தால், பங்காளிகள் அனைவரும் கூடிப் பாகப்பிரிவினை முடித்து, பட்டா மாற்றம் செய்த பின்னரே ஒப்பந்தத்துக்குச் செல்வது நல்லது. எளிதாக முடியும் என்பதற்காக இடைத்தரகருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

உரிமை தெளிவின்றி நிலம் கைமாறினால் என்ன நேரும் என்பதற்குக் கேரளத்திலேயே சான்று உண்டு. அட்டப்பாடியில் காற்றாலை அமைந்த பகுதியில் பழங்குடியினர் நிலம் முறையற்ற ஆவணங்களால் கைமாறியதாக 2010-இல் புகார் எழுந்து, அரசு விசாரணை வரை சென்றது. பழங்குடியினர் நிலம் பிறருக்குக் கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1975 முதலே கேரளத்தில் உண்டு. ஆவணக் குறை முதலீட்டாளரையும் மின்னுற்பத்தியையும் பாதிக்கலாம். ஆனால் முதலில் பாதிக்கப்படுவது நிலத்தை நம்பி வாழ்பவரே.

நிலத்தின் மீது பயிர்க்கடனோ வேறு கடனோ இருந்தால், வங்கியின் எழுத்துப்பூர்வ இசைவு பெறாமல் நீண்டகாலப் பாட்டம் எழுதக் கூடாது. பல நேர்வுகளில் பாட்டத்துக்குரிய பகுதியை மட்டும் பிரித்து விடுவிக்கவோ, கடனை மறுசீரமைக்கவோ வழி இருக்கும். முன்கூட்டியே கேட்டால் வழி காண்பது எளிது.

வரியைப் பொறுத்தவரை, காற்றாலைக்கு விடப்பட்ட நிலத்தின் வாடகை விவசாய வருமானம் ஆகாது. அது வருமான வரிக் கணக்கில் காட்டப்பட வேண்டும். அருகிலுள்ள பகுதியில் தொடரும் பயிர் வருமானம் விவசாய வருமானமாகவே இருக்கும். இரண்டையும் தனித்தனிக் கணக்கில் வரவு வைத்தால் பின்னர் குழப்பம் வராது.

ஊரின் ஐயங்கள்

காற்றாலைகள் மழை மேகத்தை விரட்டிவிடும் என்ற அச்சம் பல கிராமங்களில் உண்டு. இறக்கைகள் சுழல்வது தரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான். பருவமழையைத் தரும் மேகங்கள் அதற்கு மேலே பல கிலோமீட்டர் உயரம்வரை எழுபவை. ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே மழை குறைவதற்குக் காரணம் மலையின் மறைவாகும். காற்றாலைகள் வருவதற்கு முன்பும் அந்நிலம் வறண்டதே. ஆனால் ஒலி, நிழலாட்டம், உயர் அழுத்தக் கம்பிகள் ஆகியவை உண்மையான சிக்கல்கள். வீடுகளிலிருந்து போதிய தொலைவு விடப்பட்டுள்ளதா என ஊரார் கேட்பது முற்றிலும் நியாயமே.

வேலைவாய்ப்பையும் அளவோடு எதிர்பார்க்க வேண்டும். நிறுவும் மாதங்களில் வேலை பெருகும். பிறகு காவலுக்கும் பராமரிப்புக்கும் சிலரே போதும். ஐ.டி.ஐ., டிப்ளமா படித்த உள்ளூர் இளைஞர்களுக்குப் பராமரிப்புப் பணியில் முன்னுரிமை வேண்டும் என ஊர் முன்வைக்கும் கோரிக்கை, வாய்மொழி உறுதியாக நின்றுவிடாமல் எழுத்தில் வர வேண்டும்.

ஆடிக்காற்று ஆண்டுதோறும் தவறாமல் வரும். ஆனால் 25 ஆண்டு ஒப்பந்தம் ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் வரும். இன்று கையெழுத்திடுபவரின் பிள்ளைகளே அதன் இறுதி ஆண்டுகளில் அந்நிலத்தைப் பார்த்துக்கொள்வார்கள். ஆகவே வரைவு ஒப்பந்தம் கைக்கு வந்ததும், முன்பணம் வாங்குவதற்கு முன், நிலம் இருக்கும் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். அதன் நகலோடு நம் கிளைக்கும் வாருங்கள். நிலத்தின் மீதுள்ள கடன், வரும் வாடகை, செலுத்த வேண்டிய வரி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிப் பார்த்து முடிவெடுக்க எங்கள் அலுவலர்கள் உங்களோடு அமர்ந்து உதவுவார்கள்.